ஞாயிற்றுக்கிழமை மட்டும் நின்ற கேம் பெட்டி

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருசமாக இழுத்துக்கொண்டே வந்தேன். ஒரு தடவை ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் கொஞ்சம் எழுதி, கிழித்தும் போட்டேன். சாமி அலமாரியையும் நண்டுக் குழம்பையும் ஒரே பேச்சில் சொல்ல வேண்டியிருக்கிறது. படிக்கிறவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டால் அந்தப் பாவம் எனக்கு வந்து சேரும். இன்னொன்று, தப்பு நடந்தது என் கையால். இருபத்தாறு வருசம் லைன் வேலை பார்த்தவன் அதை ஒத்துக்கொள்ள மனசு லேசில் இடம் கொடுக்கவில்லை.

ஆனால் நெட் லைன் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருத்தராவது என்னிடம் கேட்கிறார்கள். "அண்ணே, இந்தச் சின்ன கேம் பெட்டி கன்சோலுக்கு ஈடாகுமா? வாடிக்கைக்காரங்களுக்கு என்ன சொல்றது?" வாயால் சொன்னால் பாதி காற்றில் போய்விடுகிறது. அதனால் முருகனை நினைத்து எழுதிவிட்டேன். நான் படித்தது பத்தாவது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. பெட்டி வந்தது

ஆலங்குடியில் எனக்குக் கேபிள் லைன். முதலில் டிவி மட்டும்தான், பிறகு ஃபைபர் இழுத்து நெட்டும் கொடுத்தேன். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு கேபிள் கனெக்சன் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருந்தது. நெட் லைனைக் காப்பாற்றினால்தான் தொழில் நிற்கும் என்ற நிலை.

அந்தச் சமயத்தில் திருச்சியிலிருந்து ஒரு விற்பனைக்காரர் வந்தார். சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, கூட ஒரு கண்ட்ரோலர். டிவியில் சொருகினார். காரெல்லாம் பறந்தது.

"சார், இது கன்சோலைத் தூக்கிச் சாப்புட்டுரும். ஒரு கன்சோல் வாங்குற காசுல இதுல ஏழெட்டு வாங்கலாம்" என்றார்.

"இத்துனூண்டு பெட்டிக்குள்ள அம்புட்டு கேமும் எப்படிங்க இருக்கும்?"

"பெட்டிக்குள்ள ஒண்ணுமே இல்ல சார். கேம் எங்கேயோ பெரிய கம்ப்யூட்டர்ல ஓடுது. படம் மட்டும் நெட்டு வழியா இங்க வருது. நீங்க அமுக்குற பட்டன் நெட்டு வழியா அங்க போவுது."

எனக்கு அப்போதே ஒன்று புரிந்தது. கன்சோல் என்பது வீட்டுக் கிணறு மாதிரி. காசு போட்டு வெட்டியாக வேண்டும், ஆனால் தண்ணீர் நம் வீட்டிலேயே இருக்கும். இந்தப் பெட்டி பஞ்சாயத்துக் குழாய் மாதிரி. செலவு கம்மி. ஆனால் தண்ணீர் வருகிற வழி முழுக்க நன்றாக இருக்க வேண்டும். வழியைப் பார்த்துக்கொள்கிறவன் நான்தானே, என் லைனை நான் நம்பாமல் யார் நம்புவது என்று தோன்றியது. பதினாலு பெட்டி எடுத்தேன். விற்காவிட்டால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

2. சாட்சி

அது புரட்டாசி மாசம். ஆயுத பூசையை ஒட்டிப் பதினாலும் விற்றுப்போனது. ஒன்றிரண்டு பேர் கடைக்கே வந்து வாங்கிப் போனார்கள். மற்ற ஒவ்வொரு வீட்டிலும் பெட்டியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, திருநீறு தொட்டு, "சரியா ஓடலேன்னா நானே வந்து திரும்ப எடுத்துக்கிட்டுக் காசைக் குடுத்துர்றேன். முருகன் சாட்சி" என்று சொல்லிக் கொடுத்தேன். வியாபாரத்துக்காகச் சொன்னதில்லை. எனக்கு வாய் அப்படித்தான்.

அதில் ஒரு பெட்டி வளர்மதிக்கு. ஆலங்குடிக்குத் தெற்கே, முந்திரித் தோப்பைத் தாண்டி அவர்கள் வீடு. வீட்டுக்காரர் குமரேசன் சிங்கப்பூரில் வெல்டிங் வேலை. வீட்டில் வளர்மதியும் மாமியாரும் மட்டும்.

"வீட்டுல பிள்ளைக யாரும் இல்லையே, யாரும்மா வெளையாடப் போறா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏண்ணே, நான் வெளையாடக் கூடாதா? அவுக ரூம்ல கன்சோல் வச்சிருக்காக. ஞாயித்துக்கிழமைதான் அவுகளுக்கு லீவு. நம்ம ஊரு நேரத்துக்கு மூணு மணிக்கு அவுக அங்கிட்டு, நான் இங்கிட்டு. கார் ரேஸு. போன வருசம் லீவுக்கு வந்தப்ப என்னைத் தோக்கடிச்சுட்டுப் போயிருக்காக, விடுவேனா?"

குமரேசன் அவளுக்கும் கன்சோலே வாங்கிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். வளர்மதிதான் என் பேச்சை நம்பி, எதுக்கு அம்புட்டுக் காசு என்று இந்தப் பெட்டியை வாங்கினாள்.

புரட்டாசி முடிகிற வரை ஒரு புகாரும் இல்லை. குமரேசனே சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணி, "பரவால்லண்ணே, ஒங்க பெட்டி என் கன்சோலுக்குச் சமமா வருது" என்றார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

3. திங்கட்கிழமைப் புகார்கள்

ஐப்பசி பிறந்தது. முதல் திங்கட்கிழமை காலையில் வளர்மதி போன்.

"அண்ணே, நேத்து நின்னு நின்னு வந்துச்சு. நான் வண்டியைத் திருப்புனா அது பத்து எண்ணி முடிச்சப்புறம் திரும்புது. செவத்துல போயி முட்டுறேன். அவுக சிரிக்கிறாக."

உடனே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பவர் மீட்டர் வைத்துப் பார்த்தேன், ஃபைபரில் வருகிற ஒளியின் அளவு, அந்த டிபி, சரியாக இருந்தது. நெட் எவ்வளவு சுருக்கப் போய்த் திரும்புகிறது என்று பிங் போட்டேன், சுத்தம். பெட்டியை ஓடவிட்டு நானே அரைமணி கார் ஓட்டினேன். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. இருந்தாலும் மோடத்துக்குப் போகிற பேட்ச் கார்டு ஒயரை மாற்றி, கம்பத்தில் ஏறி ஃபைபரின் ஒட்டை, நாங்கள் ஸ்ப்ளைசிங் என்போம், அறுத்துப் புதிதாகப் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை வளர்மதியோடு சேர்த்து ஐந்து வீட்டுப் புகார். எல்லாம் ஒரே பேச்சு: நேற்று மத்தியானம் நின்றது, சாயங்காலம் ஆறு ஆறரைக்கு மேல் தானாகச் சரியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் எல்லா வீட்டிலும் பெட்டி பதவிசாக ஓடுகிறது. கம்பெனிக்குப் போன் பண்ணினேன். "எங்க சர்வர் ஓகே சார், உங்க லைன் வீக்" என்று வைத்துவிட்டார்கள்.

ஆரோக்கியசாமி கடைக்குப் போனேன். அவன் என்னோடு பத்தாவது வரை படித்தவன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கேம் சென்டர் வைத்திருக்கிறான். ரெண்டு கன்சோல், மணிக்கணக்கில் ஆட விடுவான், கேட்டவர்களுக்குக் கன்சோல் வரவழைத்தும் கொடுப்பான்.

"வா மாப்ளே. ஒன் டப்பா ஞாயித்துக்கெழம லீவாமே? நீ லீவு போடுறேன்னு அதுவும் லீவு போடுதா?"

"வயித்தெரிச்சலைக் கிளப்பாதடா. ஞாயித்துக்கெழம எல்லாரும் ஒரே நேரத்துல ஆடுறானுக. சர்வர் தாங்கல போல."

"அதெல்லாம் இல்ல மாப்ளே. நானும் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்."

"நீயா? என்கிட்ட வாங்கலயே?"

"ஒன் கடைக்கு வந்தா நீ சிரிப்பே. மச்சினனை அனுப்பி வாங்குனேன். எதிரி சரக்கு எப்படின்னு தெரிய வேண்டாமா? ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போயிட்டு வந்து, கறியும் சோறும் தின்னுட்டு, ரெண்டு மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும் ஆடுனேன். ஒன் லைன்தான். எங்கயும் நிக்கல."

அவன் கேலிக்குத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. அவன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறது என்றால் சர்வர்மேல் குற்றமில்லை, மெயின் லைன்மேலும் குற்றமில்லை. கோளாறு அந்தந்த வீட்டுக்குள் இருக்கிறது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குள்ளும் நான் கால் வைத்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் மாலை போட்டு மலை ஏறுகிறவன், கவுச்சி சாப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை எந்த வீட்டுக்குப் போனாலும் "அண்ணே, ஒரு வாய் சாப்புட்டுப் போங்க" என்று கையைப் பிடிப்பார்கள். மறுத்தால் அவர்களுக்குச் சங்கடம். அதனால் ஞாயிற்றுக்கிழமை சர்வீஸ் கிடையாது என்று வருசக்கணக்காகப் பழக்கி வைத்திருந்தேன்.

4. சஷ்டியில் வந்த ஞாயிறு

தீபாவளி முடிந்தது. கந்த சஷ்டி விரதம் தொடங்கினேன். ஆறு நாளும் பாலும் பழமும்தான். கவுச்சி சமைக்கிற வீட்டு வாசல்கூட மிதிக்க மாட்டேன். விரதத்தின் மூன்றாம் நாள் சனிக்கிழமை. குமரேசன் போன் பண்ணினார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"அண்ணே, நாளைக்கும் நின்னுச்சுன்னா பெட்டியை எடுத்துக்கிருங்க. நான் ஆரோக்கியசாமி அண்ணன்கிட்ட கன்சோல் சொல்லிர்றேன். வாரத்துல அந்த ஒரு மணி நேரம்தாண்ணே எங்களுக்கு. அதுல பாதி நேரம் ஏங்க நிக்குதுங்க, ஏங்க நிக்குதுங்கன்னே போயிருது."

அதற்குப் பின்னாலேயே வளர்மதியும் போன் பண்ணினாள். "எங்க அத்தை என்னையச் சொல்லிக்காட்டுறாக. டப்பாவை வாங்கி ஏமாந்துட்டான்னு. நீங்க முருகன் மேல சொல்லிக் குடுத்தீகளேண்ணே."

அன்றைக்கு இராப்பொழுது முழுக்க அந்த ஒரு வார்த்தைதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒரு பெட்டி திரும்பி வந்தால் பதினாலும் திரும்பி வரும். நட்டத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். முருகனைச் சாட்சிக்கு இழுத்துவிட்டு, பொய்யான சரக்கை விற்றவன் ஆகிவிடுவேனே. அதற்குப் பிறகு எந்த முகத்தோடு விராலிமலைப் படி ஏறுவது?

மறுநாள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். போனால் விரதத்துக்குப் பங்கம். என் வீட்டுக்காரி செல்வியிடம் சொன்னேன்.

"கறி வாசம் மூக்குல பட்டா விரதம் கெடாதுங்க" என்றாள். "சொன்ன சொல்லு பொய்யாப் போனாத்தான் கெடும். காலையிலயே தலைக்குக் குளிச்சிட்டுப் போயிட்டு வாங்க. தண்ணி பாட்டிலு எடுத்துக்கங்க, அங்க ஒண்ணும் வாங்கிக் குடிக்காதீக."

அதற்குமேல் யோசிக்கவில்லை. என்னவானாலும் சரி, காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அந்த வீட்டை விட்டு இறங்குவதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டு கிளம்பினேன்.

5. சாத்தியிருந்த கதவு

ரெண்டேகால் மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலிலேயே நண்டுக் குழம்பு வாசம். மீமிசலிலிருந்து மீன்காரர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டியில் கொண்டுவருவார்.

மாமியார்க்காரம்மாதான் வெளியே வந்தார். "என்ன கேபிள்காரரே, விரதக்காரரு நண்டு வாசத்துக்கு மசிஞ்சு வந்துட்டீகளா?"

"வாசத்துக்கு வரல ஆத்தா. ஒங்க மருமகளுக்குக் குடுத்த வாக்குக்கு வந்தேன்."

உள்ளே வளர்மதி பெட்டியைப் போட்டுக் காட்டினாள். அவள் சொன்னது மெய்தான். படம் ஓடுகிறது, நிற்கிறது, கட்டம் கட்டமாக உடைகிறது. இத்தனை நாளில் அன்றைக்குத்தான் கோளாறை என் கண்ணால் பார்த்தேன். என் போனை எடுத்து வைஃபை பார்த்தேன். செவ்வாய்க்கிழமை முழுசாக இருந்த சிக்னல் இப்போது ஒரே ஒரு கோடு. மோடம் எங்கே என்று திரும்பினேன்.

மோடத்தைக் காணோம்.

மோடம் சாமி அலமாரிக்குள்தான் இருக்கும். குமரேசன் ஆசைப்பட்டுச் செய்த அலமாரி அது. கனத்த இரும்புத் தகடு, மரக் கலர் பெயிண்டு, ரெண்டு கதவு, கதவில் ஓம் என்று வெட்டியிருக்கும். நான் வந்த நாளெல்லாம் அந்தக் கதவு திறந்தே இருக்கும். விளக்கும் படங்களும், ஓரத்தில் திருநீறு பூசிய மோடமும் தெரியும். அன்றைக்கு ரெண்டு கதவும் இறுக்கச் சாத்தியிருந்தது.

"ஆத்தா, ஏன் சாமி அலமாரியைச் சாத்தியிருக்கீக?"

அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏன், ஒங்க வீட்டுல கவுச்சி சமைக்கையில சாமியைத் தொறந்து வச்சிருப்பீகளா? காலையில நண்டு உள்ள வரும்போதே சாத்திருவேன். சாயங்காலம் வீட்டைக் கழுவிவிட்டு, குளிச்சு, வெளக்கேத்தும்போதுதான் தொறப்பேன்."

"வெளக்கேத்துறது எத்தன மணிக்கு?"

"ஆறு மணிக்கு."

"புரட்டாசியில?"

"புரட்டாசியில எவன் கவுச்சி சமைப்பான்?"

எல்லாம் அங்கேயே இருந்தது. புரட்டாசியில் ஓடியது, ஐப்பசியில் நின்றது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நின்றது, ஆறு மணிக்குச் சரியானது. இரும்புக் கதவுக்குள் மோடத்தை வைத்துப் பூட்டினால் சிக்னல் எப்படி வெளியே வரும்? ஓம் வெட்டின ஓட்டை வழியாகக் கசிந்தது வாட்ஸ்அப்புக்குப் போதுமாக இருந்திருக்கும். கேமுக்குப் பற்றவில்லை.

அந்த மோடத்தை அங்கே வைத்தது யார்? நான்தான். அந்த வீட்டில் மட்டுமில்லை. சாமி அலமாரியில் ஜீரோ வாட்ஸ் பல்புக்காக எப்போதும் கரண்டு இருக்கிற ஒரு ப்ளக் பாயிண்டு இருக்கும், யாரும் அணைக்க மாட்டார்கள். நமக்குச் சோறு போடுகிற பொருள் சாமி பக்கத்தில் இருக்கட்டும் என்று எனக்கும் ஒரு பக்தி. லைன் கொடுத்த முக்கால்வாசி வீட்டில் அங்கேதான் மாட்டிவிட்டு வந்திருந்தேன்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்து ஒரு லேன் ஓட்டை இருந்தது. மோடத்திலிருந்து ஒரு லேன் ஒயரை நேராகப் பெட்டிக்கு இழுத்துவிட்டால் வைஃபையே தேவையில்லை. பல்பு ஒயர் போகிற ஓட்டை அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் ஒயரை மோடத்தில் சொருக வேண்டுமானால் கதவைத் திறக்க வேண்டும்.

"ஆறு மணிக்கு மின்னாடி தொறக்க விட மாட்டேன்" என்றார் அந்தம்மா. "நண்டுச் சட்டி அடுப்புல இருக்கு. நானும் இவளும் தொட்ட கையோட நிக்கிறோம். என்னங்க பேசுறீக?"

"அத்தை, மூணு மணியாகப் போவுது. அவுக கூப்புட்ருவாக" என்றாள் வளர்மதி.

எனக்கும் அது நியாயம்தான். நானாக இருந்தாலும் திறக்க விட்டிருக்க மாட்டேன். சாமிக்கும் சொல்லுக்கும் நடுவில் நின்றுகொண்டு, முருகா, நீயே ஒரு வழி சொல்லு என்று மட்டும் நினைத்தேன்.

அந்தம்மா என் நெற்றியைப் பார்த்தார். மருமகள் முகத்தையும் பார்த்தார். "ஆமா, நீங்க சஷ்டி விரதம்ல? இந்த வீட்டுல பச்சத்தண்ணிகூடக் குடிக்கலேல்ல?"

"இல்ல ஆத்தா."

"அப்ப நீங்க தொடலாம். கொல்லையில மோட்டார் ஓடுது. ஒரு தடவ குளிச்சிட்டு, ஈர வேட்டியோட வாங்க. நான் சட்டியை மூடி, அடுப்பங்கரைக் கதவைச் சாத்திர்றேன். கையளவுதான் தொறக்கணும். வேலை முடிஞ்சதும் சாத்திரணும்."

குளித்தேன். திருநீறு பூசினேன். ஈரத் துணியோடு கரண்டு பாயிண்டு பக்கம் போவதால் முதலில் மெயினை அணைத்தேன். கதவைக் கையளவு திறந்து, பின் ஓட்டை வழியாக ஏற்கெனவே விட்டிருந்த லேன் ஒயரைப் பிடித்து மோடத்தில் சொருகினேன். டக் என்று சத்தம் கேட்டது. உள்ளே முருகன் படம் இருந்தது. மன்னிச்சுக்க அப்பனே என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். கை துடைத்துவிட்டு மெயினைப் போட்டேன்.

மூணு மணிக்குக் குமரேசன் போனில் வந்தார். ரேஸ் தொடங்கியது. மொத்தம் மூணு ரேஸ். படம் ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. முதல் ரேஸ் குமரேசன். ரெண்டாவது வளர்மதி. மூணாவது ரேஸில் கடைசி வளைவில் அவள் உடம்பையே சாய்த்துக்கொண்டு திருப்பினாள். மாமியார் பின்னால் நின்று, "இங்கிட்டு ஒடி, இங்கிட்டு ஒடி!" என்று கத்துகிறார். வளர்மதி வண்டிதான் முன்னால் போனது.

போனில் குமரேசன் குரல். "என்ன மதி, இன்னைக்கு நிக்கவே இல்லையா?"

"நிக்கல. ஏன், நிக்கணும்னு வேண்டிக்கிட்டீகளா?"

"பின்ன? அது நின்னாத்தானே நான் ஜெயிக்க முடியும்."

அவள் சிரித்த சிரிப்பை நான் வாசலில் ஈர வேட்டியோடு நின்று கேட்டேன். பெட்டியைத் திரும்ப எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

6. ஈடாகுமா

மறுநாள் தொடங்கி மற்றப் பதிமூன்று வீட்டுக்கும் போனேன். பத்து வீட்டில் மோடம் சாமி பக்கத்தில். சிலது தகட்டுக் கதவுக்குள், சிலது கண்ணாடி போட்ட பெரிய படத்துக்குப் பின்னால். எல்லாம் என் கை மாட்டியது. நல்ல நாள் பார்த்து, சூடம் காட்டி, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து டிவிக்குப் பக்கத்தில் மாட்டி லேன் ஒயர் போட்டுக் கொடுத்தேன். என் தப்பு என்று ஒவ்வொரு வீட்டிலும் வாய்விட்டுச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. ஆரோக்கியசாமி மட்டும், "எங்க மாதா பக்கத்துலயும் நீதான் மாட்டுனே. ஆனா எங்க மாதாவுக்குக் கதவே கெடையாது மாப்ளே" என்று இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறான்.

பிறகு ஒருநாள் அவன் கடையிலேயே பெட்டியையும் கன்சோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆடிப் பார்த்தோம். கண்டதைச் சொல்கிறேன். கார் ரேஸிலும் கதை மாதிரிப் போகிற ஆட்டங்களிலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சண்டை ஆட்டத்தில் கன்சோல் ஒரு மயிரிழை முந்துகிறது. ஆரோக்கியசாமி மாதிரி தினமும் ஆடுகிற கைக்கு அது தெரியும், நமக்குத் தெரியாது. ரோட்டு வேலைக்காரர்கள் ஜேசிபியில் ஃபைபரை வெட்டிவிட்டால், மழைக்கு மரம் லைன்மேல் விழுந்துவிட்டால், கன்சோல் ஓடும், இது வெறும் சோப்புப் பெட்டி. அன்றைக்குக் கிணறு வைத்திருக்கிறவன்தான் ராசா.

ஆகவே கேட்கிறவர்களிடம் இப்படிச் சொல்லுங்கள்: வாரத்தில் ஒரு நாள் ரெண்டு நாள் ஆடுகிற வீட்டுக்கு இந்தப் பெட்டி தாராளமாக ஈடாகும், லைன் போடுகிறவன் ஒழுங்காகப் போட்டிருந்தால். ஆட்டத்தையே தொழிலாக வைத்திருக்கிறவனுக்கு ஆகாது. பெட்டியைக் குறை சொல்வதற்கு முன்னால் மோடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். புகார் எந்தக் கிழமை, எந்த நேரம் வருகிறதோ, அந்தக் கிழமை அந்த நேரத்துக்கே போய் நில்லுங்கள். நமக்குத் தோதான நாளில் போய்ப் பார்த்துவிட்டு "எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு வருவது பாதி வேலைதான். நான் மூன்று வாரம் அந்தப் பாதி வேலையைத்தான் பார்த்தேன்.

இந்த விசயம் ஊருக்குள் எப்படியோ பரவி, ரெண்டு மூன்று விதமாகத் திரிந்து என் காதுக்கே திரும்பி வந்தது. கவுச்சி சமைத்ததால் சாமி கோபப்பட்டுப் பெட்டியை நிறுத்திவிட்டது என்று டீக்கடையில் ஒருத்தர் சொன்னார். திருச்சி விற்பனைக்காரரோ, சாமி அலமாரியில் வைத்தால் சூப்பராக ஓடும் பெட்டி என்று அதையே சொல்லி விற்றிருக்கிறார். ரெண்டும் பொய். சாமி எதையும் நிறுத்தவில்லை. ஈர வேட்டியோடு நின்றவனுக்கு ஒரு கையளவு கதவு திறந்து கொடுத்தது, அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு யாருக்காவது சொல்லத் தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள். புதிதாக லைன் வேலைக்கு வருகிறவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். நண்டைக் கோழியாக்க வேண்டாம். வளர்மதி மூன்று ரேஸிலும் ஜெயித்தாள் என்று கூட்ட வேண்டாம், அவள் ஜெயித்தது ரெண்டு. மோடத்தை அங்கே கொண்டுபோய் வைத்தது கேபிள்காரன் கை என்கிற இடம் வரும்போது, பாவம் பெரிய மனுசன் என்று அதை மட்டும் விட்டுவிட்டுப் போக வேண்டாம்.